வலது பின் சக்கரத்துச் சத்தம்

நாற்பதைத் தாண்டியதும் கேட்டது. பின்னால், வலது பக்கம், தரைக்குக் கிட்டே, ஒரு முனகல். சாந்தாமணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் நிற்கவில்லை. அப்படியென்றால் இஞ்சின் இல்லை, இஞ்சினாக இருந்தால் காலை எடுத்ததும் சுருதி இறங்கியிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால்தான் எனக்குக் காது திறக்கும். முப்பது வருஷம் கணபதியில் லேத் பட்டறை நடத்தியவனுக்கு, ஓடுகிற பம்ப்செட் மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, எந்தப் பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று தேதி சொன்னவனுக்கு, இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. வடவள்ளி தாண்டி ரோடு இடப்பக்கம் ஒடிந்தது, முனகல் கூடியது. வலப்பக்கம் ஒடிந்தது, முனகல் நின்றே போனது. வலது பின் சக்கரத்துப் பேரிங். கழற்றிக்கொண்டு போய் நம்பரைக் காட்டினால் பேரிங் கடைக்காரன் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எடுத்துத் தந்துவிடுவான், ஒரு பகல் வேலை. ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. நான் கூட வந்ததே, அவள் வாங்குவதற்காக ஓட்டிப் பார்க்கிற இந்தப் பழைய வண்டி வேண்டாம் என்று சொல்லத்தான். நேற்றிலிருந்து அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன், அது இதோ தானாக வந்து பின்சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து முனகுகிறது. சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, கம்பெனிக்காரன் விற்பதை நிறுத்தியே பல வருஷம் ஆகிறது, டிஃபரன்ஷியலுக்கெல்லாம் பார்ட்ஸ் எங்கே போய்த் தேடுவது. சாந்தாமணி நம்புவாள். மிக்ஸியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரைக்கும் எங்கள் வீட்டில் என் காது சொன்னதுதான் தீர்ப்பு, அவள் ஒரு நாளும் அப்பீல் போனதில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

"ஏனுங்க, சீட்டு பரவால்லீங்களா?" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பரவாயில்லை என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. எனக்கு மொத்தம் முப்பது நிமிஷம்தான் கணக்கு. அதற்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பின் இடப்பக்கத்திலிருந்து குதிகால் வரை ஒரு கம்பியில் கரண்டு விட்ட மாதிரி இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகில் கத்தி வைத்து நாலு டைட்டானியம் ஸ்குரூ முடுக்கினார்கள். ஸ்குரூவின் மரை எத்தனை பிட்ச் என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனநல டாக்டர் யாரையும் பார்க்க வேண்டுமா என்று சாந்தாமணியிடம் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க டாக்டர், அவரு நல்லாத்தான் இருக்காரு, அதான் கேக்கறாரு" என்றாள். அந்தப் பதிலை நினைத்துக்கொண்டேதான் மயக்க ஊசிக்குக் கையை நீட்டினேன். பின்சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரர் தேவசகாயம் உட்கார்ந்திருக்கிறார், வால்பாறையில் டீ எஸ்டேட் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர், எழுபது வயசு, பெங்களூரில் மகள் வீட்டோடு போகிறார், அங்கே அபார்ட்மெண்டில் இவ்வளவு நீள வண்டியை நிறுத்த இடம் தர மாட்டார்களாம். கொள்ளை மலிவாகத் தருகிறார். நீளம் என்றால் நீளம்தான். முன்னால் பார்த்தால் கார், பக்கவாட்டில் பார்த்தால் கார் முடிகிற இடத்தில் முடியாமல் இன்னும் கொஞ்சம் போய்ப் பொறுமையாக முடிகிறது. "நாப்பது கொண்டையூசி வளைவு சார், அடை மழையில, ஒரு தடவ கூட சறுக்கினதில்ல" என்கிறார் தேவசகாயம். மூன்றாவது முறை சொல்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா போல ஆகிவிட்டது அவர் குரல். பாவம், சத்தம் அவருக்குக் கேட்கவில்லை, அந்த வயசில் இவ்வளவு மெல்லிய சத்தம் காதில் விழாது. டிஃபரன்ஷியல் போயிருச்சுங்க சார் என்று இவர் முகத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு முன்னால் சொல்லக் கூடாது. சாந்தாமணியிடம் தனியாகச் சொல்லிவிட்டு, அவரிடம் யோசிச்சுச் சொல்றோமுங்க என்று கிளம்பிவிடலாம்.

காது என்றால் அவளுக்கும் இருக்கிறது, ஆனால் அது வேறு காது. அதைத் திறந்துவிட்டதே நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த வயிற்றெரிச்சல். ஆபரேஷன் முடிந்து ஹாலில் தரையில் பாய் போட்டு ஆறு மாசம் கிடந்தேன். பகலில் எங்கிருந்தோ டொக், டொக், டொக் என்று தகரத்தில் சுத்தியல் விழுகிற சத்தம், நிறுத்தாமல், ஒரே வேகத்தில். எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ பக்கத்து வீட்டில் செம்புப் பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிறான், அடிக்கத் தெரியாமல் அடிக்கிறான், போய் நிறுத்தச் சொல் என்றேன். அவள் மொட்டை மாடிக்குப் போனவள் கால் மணி நேரம் வரவில்லை. வந்தபோது முகமே வேறாக இருந்தது. "ஆளுமில்ல, சுத்தியலுமில்லீங்க. ஒரு குருவி. இத்துனூண்டு. பச்சையா, நெத்தியில செவப்புப் பொட்டு வெச்சுட்டு, முருங்கை மரத்து உச்சியில உக்காந்து தலைய ஆட்டி ஆட்டி அடிக்குது" என்றாள். அதுக்குப் பேர் குக்குறுவான் என்று மறுநாள் கண்டுபிடித்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கினாள். அப்புறம் பைனாகுலர். அப்புறம் மூன்று கால் ஸ்டாண்டோடு ஒரு தொலைநோக்கி. முதலில் முருங்கை மரம், பிறகு உக்கடத்துக் குளம், பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கூட்டத்தோடு சிங்காநல்லூர் என்று அவள் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது, நான் பாயில் அதே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். திரும்பி வந்ததும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். சில குருவிகள் கத்துகிற மாதிரியே கத்திக் காட்டுவாள், ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளை, பேங்கில் ஹெட் கேஷியர், வாயைக் குவித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் முதுகு வலிக்கும், வலித்தாலும் இன்னொருக்கா கத்து என்பேன். அந்த நேரம்தான் எனக்கு நாளே விடிகிற நேரம், இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

தொண்டாமுத்தூர் வந்துவிட்டது, பஸ் ஒன்று எதிரே வர, சாந்தாமணி ஒதுக்கி, கியர் மாற்றி, மறுபடி ஏற்றினாள். நன்றாக ஓட்டுகிறாள். நாற்பத்தைந்து வயசில் கற்றுக்கொண்டவள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்தித்தான் கற்றுக்கொடுத்தேன், இப்போது எனக்கு ஓட்ட அனுமதி இல்லை, அவளுக்கு யாரும் கத்தத் தேவையில்லை. பதினேழு நிமிஷம். கால் கட்டைவிரல் லேசாக மரத்தது, ஷூவுக்குள் ஆட்டிப் பார்த்தேன். காட்டிக்கொள்ளக் கூடாது. போன வருஷம் காட்டிக்கொண்டேன், அதில்தான் எல்லாம் கெட்டது. இருவாச்சிப் பறவையை நானும் என் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு டாக்சி பிடித்து வால்பாறைக்குக் கூட்டிப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொள்ளாச்சி தாண்டினேன். ஆழியாறில், முதல் வளைவுக்கு முன்னாலேயே முடியவில்லை. டாக்சியிலிருந்து இறங்கி ரோட்டோரத்துப் பாலத் திண்டில் மல்லாந்து படுத்துவிட்டேன், போகிற வருகிற டூரிஸ்டுகள் குடிகாரன் என்று நினைத்தார்கள், ஒரு பையன் போட்டோ எடுத்தான். சாந்தாமணி துப்பட்டாவை மடித்து என் தலைக்குக் கொடுத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். மலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "திரும்பீரலாமுங்க" என்றாள், அவ்வளவுதான், வழி முழுக்க ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கப்புறம் என்னை எங்கேயும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கூட்டத்தோடு வேனில் போய் இரண்டு நாளில் இருவாச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மாசக் கணக்கில் உள்ளேயே இருக்குமாம், ஆண் பறந்து பறந்து பழம் கொண்டுவந்து ஊட்டுமாம். நம்ம வீட்ல நேர்மாறு என்றேன். சிரிப்பாள் என்று சொன்னது. அவள் சிரிக்கவில்லை, நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்துதான் இந்தப் பயம். பயம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தையும் இல்லை. போன மாசம் அவள் குளிக்கப் போயிருந்தபோது மேஜை மேல் போன் வெளிச்சமாக இருந்தது, பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள், இதே மாதிரி நீள வண்டி, பின்சீட்டை மடக்கிப் படுக்கை விரித்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே காடு. ஒன்றல்ல, இருபது முப்பது படம் சேர்த்து வைத்திருந்தாள். அப்போது புரிந்தது. இனி கூட்டமும் வேண்டாம், வேனும் வேண்டாம், தனியாகவே போவாள், போகிற இடத்தில் வண்டியிலேயே தங்குவாள். போகட்டும். போக வேண்டியவள்தான். அவளை ஆறு மாசம் தரையில் குனிய வைத்தவன் நான், அவள் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கட்டும். இதை மனசார நினைக்கிறேன், நினைத்து முடித்த அடுத்த நொடி டிஃபரன்ஷியல் போயிருச்சு என்று வாய் ஒத்திகை பார்க்கிறது. ஞாயிறு ஒரு நாள் என்பது இரண்டு நாளாகும், இரண்டு நாலாகும், நோட்டில் பக்கம் கூடும், என்னிடம் சொல்வதற்குக் குறையும். எத்தனை நாள்தான் ஒரு மனுஷி பார்க்காதவனுக்குப் பார்த்ததைக் கத்திக் காட்டிக்கொண்டிருப்பாள். இன்றைக்குக் கிளம்பும்போது கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பாய் எதுக்கு என்றேன். "இருக்கட்டுங்க" என்றாள். வாங்குவதற்கு முன்னாலேயே படுக்கை போட்டுப் பார்க்கிற அவசரம். பாய் இப்போது பின்னால் தேவசகாயத்தின் தலைக்கு மேலே சாய்ந்து கிடக்கிறது, ரோடு குலுங்கும்போதெல்லாம் அவர் வழுக்கையில் தட்டுகிறது, அவரும் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் வருகிறார். இருபத்திரண்டு நிமிஷம். ரோடு இடப்பக்கம் ஒடிந்தது, சத்தம் கூடியது. நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

நரசீபுரத்துக்கு முன்னால் தார் ரோட்டை விட்டு, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே மண் பாதையில் இறக்கினாள். பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் ஓடைப் பள்ளம், தண்ணீர் கணுக்கால் அளவு, மற்றதெல்லாம் மணல். "போகலாம் மேடம், இதுக்குத்தான் இந்த வண்டி" என்றார் தேவசகாயம். சாந்தாமணி முதல் கியரில் போட்டு இறக்கினாள். மணலில் முன்சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியது, எனக்குத் தெரியும், சாதாரண வண்டி இங்கே வயிறு வரைக்கும் புதைந்துவிடும். அதற்குள் பின்னாலிருந்து ஒரு தள்ளு. முரட்டுத் தள்ளு இல்லை, கூட்டத்தில் தெரிந்தவர் ஒருவர் முதுகில் கை வைத்து முன்னே அனுப்புகிற மாதிரி. நாலு சக்கரத்துக்கும் பலம் பிரிந்து போகிறது, எங்கே பிடிப்பு இருக்கிறதோ அங்கே கூடுதலாகப் போகிறது, ஒரு பல் சக்கரம் கூட முரண்டு பிடிக்கவில்லை. டிஃபரன்ஷியல் தங்கம். யார் கடைந்த பல்லோ, எந்த ஊர் லேத்தோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. வலியை மறந்து நானே, "அப்படித்தான், விடாத, சீராப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி தண்ணீரைத் தாண்டிக் கரையேறி, ஒரு புளியமரத்தடியில் நின்றது. சாந்தாமணி இஞ்சினை அணைத்தாள். தேவசகாயம் போனில் மகள் கூப்பிடுகிறாள் என்று இறங்கிப் பள்ளத்தோரமாகப் பேசிக்கொண்டே நடந்து போனார். முப்பத்தோரு நிமிஷம் ஆகியிருந்தது, குதிகாலில் கரண்டு வந்துவிட்டது. "எப்படீங்க வண்டி?" என்றாள். நல்ல வண்டி என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். "டிஃபரன்ஷியல் போயிருச்சு சாந்தா. பின்னால கத்துது பாத்தியா. பார்ட்ஸ் கிடைக்காது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை. "அப்படீங்களா" என்றாள். பிறகு இறங்கினாள். பின்கதவு மேலே தூக்குகிற சத்தம், சீட்டு மடங்குகிற சத்தம், பாய் விரிகிற சத்தம், எல்லாம் முதுகுக்குப் பின்னால் வரிசையாகக் கேட்டன. பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எறங்குங்க. எதுக்கும் ஒருக்காப் படுத்துப் பாத்துருங்க." யாரு, நானா என்றேன். "பின்ன, நானா? நான் வண்டி ஓட்டோணுமே. இதுக்குத்தானுங்க ஒரு மாசமா இப்படிப்பட்ட வண்டியாத் தேடறேன். உக்காந்தாத்தான உங்களுக்கு வலி. படுத்துட்டே வந்தா வால்பாறை என்ன, எங்க வேணாப் போலாமுல்ல. முன்னாலயே சொன்னா வேண்டாம்பீங்க, எனக்காக ஒரு செலவான்னு ஒரு வாரம் பேசுவீங்க." நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முப்பது படங்களும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து போயின, ஒவ்வொரு படுக்கையிலும் நான் படுத்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஷூவைக் கழற்றினேன். பாயில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மல்லாந்தேன். கரண்டு இறங்கியது. முதுகு முழுக்கத் தரையில் பட்டதும் என்னையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. தலை முன்சீட்டில் முட்டியது. கால் வெளியே நீண்டுகொண்டிருந்தது. சாந்தாமணி பின்கதவை இறக்கிப் பார்த்தாள், என் குதிகாலில் வந்து நின்றது. ஜாண் போட்டு அளந்தாள். "நாலு இஞ்சு பத்துலீங்க" என்றாள். "இன்டர்நெட்டுல போட்டிருந்ததப் பாத்து, உங்க உசரத்துக்குச் செரியா வரும்னு நெனச்சேன். அது முன்சீட்ட முழுசா முன்னால தள்ளி அளந்த கணக்கு, ஓட்டறப்ப சீட்டு பின்னால வரும்னு சேக்காம விட்டுட்டேனுங்க. செரி, எந்திரிங்க. டிஃபரன்ஷியலும் போயிருச்சுங்கறீங்க. அவருகிட்டச் சொல்லீட்டுப் போயிரலாம்." என் காலருகே பாயின் ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

முப்பது வருஷம் இஞ்சை ஆயிரம் பங்காக்கித் தவு கணக்கில் கடைந்தவன் நான், நாலு இஞ்சு எனக்குப் பெரிய விஷயமா. "சுருட்டாத, இரு" என்றேன். குண்டியை நகர்த்தி, தலையை இடது மூலைக்குக் கொண்டுபோய், காலை வலது மூலைக்கு நீட்டினேன். கோணலாக. அப்பவும் ஒரு இஞ்சு இடித்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன், மடக்கச் சொல்லித்தான் டாக்டரே சொல்லியிருக்கிறார். "இப்பச் சாத்து" என்றேன். கதவு இறங்கிக் கிளிக் என்று பூட்டியது. கண்ணாடிக்கு வெளியே அவள் முகம், அதற்கு மேலே புளியங்கிளை, அதற்கும் மேலே வெள்ளியங்கிரி மலை. மறுபடி திறந்தாள். "பத்துது சாந்தா" என்றேன். "இந்தப் பக்கம் முக்கோணமா ஒரு இடம் மிச்சமாகுது பாரு, உன்ற தொலைநோக்கி ஸ்டாண்டு வெக்க." அவள் அந்த முக்கோணத்தைப் பார்த்தாள், ஸ்டாண்டைப் படுக்க வைத்துப் பார்ப்பது போல் கையை நீட்டி வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே கையை எடுக்காமல் நின்றாள். இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. "டிஃபரன்ஷியல் நல்லாத்தான் இருக்குது. அது வலது பின் சக்கரத்துப் பேரிங். நான் வேணும்னே மாத்திச் சொன்னேன். நீ என்னைய விட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சுட்டேன்" என்றேன், கூரையைப் பார்த்தபடி. "தெரியுமுங்க" என்றாள். "இடப்பக்கம் ஒடிச்சாக் கத்துது, வலப்பக்கம் ஒடிச்சா நின்னு போவுது. முப்பது வருசமா சோத்துக்கு உக்காந்தா பேரிங்கு, டீ குடிக்க உக்காந்தா பேரிங்கு. எனக்கு மட்டும் தெரியாமப் போயிருமா? நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் பேசாம ஓட்டீட்டு வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கையால் என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு நிமிண்டு நிமிண்டினாள். மரத்துப்போன விரல்தான், ஆனால் வலித்தது.

திரும்பும்போது தேவசகாயம் முன்சீட்டில். பேரிங் விஷயத்தை அவரிடம் சொன்னேன், அவர் பதறிப்போய் விலையைக் குறைக்க வந்தார், வேண்டாம், அதை நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். மணலில் இறங்கி ஏறினோம். நான் கோணலாகப் படுத்திருந்தேன், தலையைச் சாய்த்ததில் காதெலும்பு பாயைத் தாண்டித் தகரத் தரையில் அழுந்தியிருந்தது, ஸ்குரூடிரைவரே தேவையில்லை, வண்டி முழுக்கக் காதுக்குள் வந்தது. நாலு சக்கரம், நடுத்தண்டு, பல் மேல் பல், அதற்கெல்லாம் நடுவே அந்த ஒற்றை முனகல், இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும், அதற்குள் மாற்றிவிடலாம். கண்ணாடியில் பாக்கு மரங்கள் பின்னால் ஓடின, ஒரு வளைவில் மலை முழுக்க வந்து நின்றுவிட்டுப் போனது. தொண்டாமுத்தூர் எப்போது தாண்டியது என்று தெரியவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்னால் தேவசகாயம் குரலைத் தாழ்த்தி, "சார் தூங்கிட்டாரா மேடம்?" என்று கேட்பது கேட்டது. "இல்லீங்க சார்" என்றாள் சாந்தாமணி. "சத்தம் கேட்டுட்டு வர்றாரு."